காஞ்சிபுரத்துக்கு எத்தனை எழுத்து?

ஒரு சின்ன டெஸ்ட். லேப்டாப்பைத் திறந்து, பைத்தானில் "காஞ்சிபுரம்" என்ற சொல்லுக்கு 'லென்' போட்டுப் பாருங்க. கா, ஞ், சி, பு, ர, ம். விரல் விட்டு எண்ணினா ஆறு. பைத்தான் 11 என்கும். ஜாவாவின் 'லெங்த்'தும் 11தான். யூடிஎஃப்-8ல் சேமித்து, சி-யில் 'எஸ்டிஆர்லென்' கேட்டா 33. ஸ்விஃப்ட் மட்டும் ஒழுங்கா 6 சொல்லும்.

யாரும் பொய் சொல்லலை. ஆளுக்கு ஒன்றை எண்ணுறாங்க, அவ்வளவுதான். யூனிகோடில் 'கா' ஒரு எழுத்து இல்லை. 'க' ஒரு எண், பக்கத்தில் வர்ற கால் இன்னொரு எண். 'ஞ்' என்றால் 'ஞ' தனி, புள்ளி தனி. அந்த எண் ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல் மூணு பைட். அதனால்தான் 33.

இதோட நின்னா சும்மா வேடிக்கை. பர்ஸ்ட் இயர் லேபில் எல்லாரும் எழுதின ஸ்ட்ரிங் ரிவர்ஸ் ப்ரோக்ராமில் இதே சொல்லைக் கொடுங்க. முதல்ல ஒரு அநாதைப் புள்ளி வந்து நிற்கும், அப்புறம் 'மருபிச்ஞாக'ன்னு ஏதோ மந்திரம் மாதிரி வரும். பைத்தானில் 'இஸ்ஆல்ஃபா' கேட்டா 'ஃபால்ஸ்'. அதாவது காஞ்சிபுரத்தில் எழுத்து அல்லாத ஏதோ இருக்காம்! பெயர் கட்டத்தில் "எழுத்து மட்டும்தான் அனுமதி" என்று இந்த ஃபங்ஷனை வைத்துச் சரிபார்க்கிற ஃபார்ம் எதுவும் நம்ம பெயரை உள்ளே விடாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கலை. பிள்ளையார்பாளையம் பக்கம், வீட்டுத் தறிகளுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கிற ஒருத்தருக்கு மினி ப்ராஜெக்டா ஒரு கூலிக் கணக்கு ஆப் செய்து கொடுத்தேன். ஜாவாதான். நெசவாளர் பெயர் சாவி, கணக்கு மதிப்பு, ஒரு ஹாஷ்மேப். டெமோ அருமையா ஓடிச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு அண்ணன் வந்தார். மூணு புடவை நெய்து கொடுத்திருக்கார், ஆப்பில் ஒண்ணுக்குத்தான் கூலி. முன்பணம் மட்டும் முழுசா பிடிச்சிருந்தது. "தம்பி, கணக்கு தெரியாதவன்னு நினைச்சிட்டியா?"ன்னு கேட்டார். சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தாலே தேவலைன்னு இருந்தது.

லிஸ்டைத் திறந்தா அவர் பெயர் ரெண்டு தடவை இருக்கு. ஸ்க்ரீனில் ஒரு வித்தியாசமும் தெரியலை. பெயர் 'கோ'ன்னு ஆரம்பிக்கும். அங்கேதான் விஷயம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று ரெண்டு எண்ணாவும் எழுதலாம். பழைய ஃபாண்ட்டிலிருந்து மாற்றின எக்செல்லில் ரெண்டு துண்டா இருந்தது, போனில் தட்டினது ஒரே துண்டு. கண்ணுக்கு ஒண்ணு, 'ஈக்வல்ஸ்'க்கு வேற. கொ, கௌ வரிசைக்கும் இதே கதிதான்.

மருந்து ஒரே வரி. ஜாவாவில் 'நார்மலைசர்', பைத்தானில் 'யூனிகோட்டேட்டா'. ரெண்டிலும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினா துண்டுகள் ஒட்டிக்கும். ஆனா எல்லா நோய்க்கும் இது போதாது. 'ஔ'வுக்குப் பதிலா 'ஒ'வும் 'ள'வும் தட்டுற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. ஔவையாரும் ஒளவையாரும் என்எஃப்சி போட்ட பிறகும் ரெண்டு பாட்டிதான். அதை நீங்கதான் கவனிக்கணும். எழுத்து எண்ண, பிரிக்க பைத்தானில் 'ஓப்பன் தமிழ்' லைப்ரரி இருக்கு, ஜாவா 9க்குப் பிறகு ரெகுலர் எக்ஸ்ப்ரஷனில் 'பேக்ஸ்லாஷ் எக்ஸ்' இருக்கு. வரிசைப்படுத்தணும்னா ஐசியூ. சும்மா 'சார்ட்' போட்டா 'ப'வுக்கு முன்னாடியே 'ன' வந்துடும்.

"யூனிகோடே தப்பு"ன்னு சொல்றவங்க உண்டு. எழுத்துக்கு ஒரு எண் தருகிற டேஸ்-16 முறையை 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. நல்ல யோசனைதான். ஆனா உங்க போனில் இருப்பது யூனிகோடு. சண்டையை அப்புறம் போடலாம், கோடை முதல்ல சரி செய்யுங்க.

இப்போ என் கட்சி. அந்த ஒரு வரியை எங்கே எழுதுவது? நான் முதல்ல பெயர் வாங்குற நாலு இடத்திலும் எழுதினேன். அஞ்சாவது இடத்தில் மறந்தேன். வைவாவில் "என்கேப்சுலேஷன்னா என்ன?"ன்னு கேட்டா 'டேட்டாவையும் மெத்தடையும் ஒண்ணா கட்டுவது, கேப்சூல் மாத்திரை மாதிரி'ன்னு ஒப்பிப்போம். நானும் முழு மார்க் வாங்கினேன். உண்மையில் அது இதுக்குத்தான். பெயரை வெறும் ஸ்ட்ரிங்கா விடாம ஒரு க்ளாஸ் ஆக்குங்க. கன்ஸ்ட்ரக்டரிலேயே என்எஃப்சி, முன்பின் ஸ்பேஸ் நீக்கம், எல்லாம். உள்ளே இருக்கிற ஃபீல்டு 'ஃபைனல்'. 'ஈக்வல்ஸ்' எழுதினா 'ஹாஷ்கோடு'ம் சேர்த்து எழுதணும். இல்லைன்னா ஹாஷ்மேப் வேற கூடையில் போய்த் தேடி, இல்லைன்னு கை விரிக்கும். அதுக்கும் மேல, பெயரைச் சாவியா வைக்கவே கூடாது. ஒரே தெருவில் ஒரே இனிஷியலோட ரெண்டு பேர் இருக்கிற ஊர் இது. ஆளுக்கு ஒரு எண் கொடுங்க.

(போற போக்கில்: ஜாவாவில் ரெண்டு 'இன்டிஜர்' ஆப்ஜெக்டை ரெட்டைச் சமக்குறியால ஒப்பிடாதீங்க. -128 முதல் 127 வரை ஆப்ஜெக்டைச் சேமித்து வைத்து அதையே திரும்பத் தருது. 100 ரூபாய் வைத்து டெஸ்ட் பண்ணினா சரியா வரும், 12000 ரூபாய்க் கூலியில் உதைக்கும்.)

இன்ஹெரிட்டன்ஸும் அப்படித்தான். விலங்கு, நாய், குரைக்கும். மூணு வருஷமா அதே நாய். நான் புடவை, பட்டுப்புடவை, கோர்வைப் புடவை, ஒரு பக்கப் பெரிய பார்டர் கோர்வைப் புடவைன்னு 'எக்ஸ்டெண்ட்ஸ்' அடுக்கிட்டே போனேன். தறியைப் போய்ப் பாருங்க, பதில் அங்கே இருக்கு. கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு பார்டருக்கு ரெண்டு நாடா, ஆக மூணு. ஒரு ஓரத்து நாடாவைப் போட இன்னொரு ஆள் உட்காருவார். பார்டர் என்பது ஒரு வகைப் புடவை இல்லை. புடவையில் பார்டர் இருக்கு. உடல், பார்டர், முந்தி மூணும் தனித்தனி க்ளாஸ், புடவை அதையெல்லாம் வைத்திருக்கும். 1994ல் வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகம் இன்ஹெரிட்டன்ஸைவிட காம்போசிஷனுக்கு முன்னுரிமை கொடுன்னு சொன்னது இதைத்தான். உவமை முழுசா பொருந்தாதுங்கிறதையும் சொல்லிடறேன். கோர்வை போட்ட பார்டரைக் கழற்றி வேறொன்று மாட்ட முடியாது, நம்ம கோடில் முடியணும்.

அந்த அண்ணன் கணக்கு இப்போ ஒரே வரியில் வருது. விட்டுப்போன ரெண்டு புடவைக் கூலியும் அந்த வாரமே கைக்குப் போச்சு. அவர் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டில் தேதியோட இருந்ததால்தான் அதுவும் நடந்தது. நோட்டில் எழுதுறதை அவர் இன்னும் நிறுத்தலை.