பூட்டு நமது, திறவுகோல் எவரது?



திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். இவ்வூர்க் கைவினைஞர் எந்தப் பல்கலைக்கழகத்தையும் கேட்டுத் தம் பூட்டுக்குப் பெயர் வைத்தாரல்லர். மாங்காய் வடிவில் செய்ததை மாங்காய்ப் பூட்டு என்றனர். சொல் எளிது, பொருள் தெளிவு. அரசின் புவிசார் குறியீடும் 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்தது. ஆனால் பூட்டைத் தமிழால் அழைக்கும் அதே வாய், அதைத் திறக்கும் கோலைச் 'சாவி' என்கின்றது. அது போர்த்துக்கேசியர் விட்டுச்சென்ற சொல். திறவுகோல் என்னும் பழஞ்சொல்லை வீட்டு மூலையில் எறிந்துவிட்டு, வந்தவன் சொல்லை இடுப்பில் முடிந்து கொண்டோம். அந்த இழிவு இன்று ஒரு புதுக் கருவியில் மீண்டும் அரங்கேறுகின்றது.

உந்துருளியில் நெடுந்தொலைவு செல்லும் இளைஞர் இப்பொழுது பெருகிவிட்டனர். கன்னியாகுமரியினின்று வடக்கே நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலை திண்டுக்கல் வழியே செல்கின்றது. கொடைக்கானலுக்கும் பழனிக்கும் சிறுமலைக்கும் இங்கிருந்தே வழி பிரிகின்றது. ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் பேசிக்கொள்ளவும், வழிக்குறிப்பும் பாட்டும் கேட்கவும் தலைக்காப்பினுள் ஒரு கருவியைப் பொருத்துகின்றனர். 'எல்மெட்டில் இன்டர்காம், இசுபீக்கர், மைக்கு மாட்ட வேண்டும்' என்று சொல்லிப் பட்டறைக்கு வருகின்றனர். இந்நான்கு பொருள்களுள் ஒன்றற்கேனும் தமிழ்ப்பெயர் உண்டா அவர்கள் வாயில்?

அண்மையில் இந்நகரப் பட்டறை ஒன்றில் கண்ட காட்சி இது. பொறியின் ஓசை கேட்டே அதன் நோய் சொல்லும் முதிய தொழிலாளி அவர். அவர் கையில் இளைஞர் ஒருவர் கருவியைக் கொடுத்தார். உடன்வந்த வழிகாட்டித் தாளோ முழுதும் ஆங்கிலம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின், மடித்து வைத்துவிட்டுக் கைபோன போக்கில் ஒட்டினார். மறுநாளே, "விரைந்து போனால் காற்றிரைச்சலன்றி ஒன்றும் கேட்கவில்லை" என்று இளைஞர் திரும்பி வந்தார். முப்பதாண்டுத் தொழிலறிவு, ஒரு தாளின் முன் தலைகுனிந்து நின்றது!

அத்தாளில் என்ன மறைபொருளா எழுதியிருந்தது? ஒலிப்பான் காதுத்துளைக்கு நேராக அமைய வேண்டும். சற்று விலகினாலும் காற்றோசை மிஞ்சிவிடும். ஒலிவாங்கி வாயருகே நிற்க வேண்டும். இடம் போதவில்லையென்று உள்ளிருக்கும் நுரைத்தக்கையைக் குடையக் கூடாது. விழும்போது அடியைத் தாங்குவது அதுவே. பின்வரும் சரக்குந்தின் ஊதொலி கேட்குமளவிற்குப் பாட்டொலியைக் குறைத்து வைக்க வேண்டும். அவ்வளவே! நான்கு தமிழ்த் தொடர்களில் அடங்கும் இச்செய்தி தமிழில் இல்லாமையால், பணமும் வீண், உயிர்க்கும் இடர்.

"கருவியைக் கண்டவன் அவன், பெயரும் அவனுடையதாகத்தானே இருக்கும்?" என்று நம்மவரே வழக்காடுவர். சரி, இக்கருவிகளை இணைக்கும் 'புளூடூத்' என்பதன் வரலாற்றையேனும் அறிவார்களா? சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய ஆய்வில் பிறந்தது அந்நுட்பம். அதற்கு இட்ட பெயரோ, பத்தாம் நூற்றாண்டில் இடென்மார்க்கை ஆண்ட ஆரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர்! 'நீலப்பல்' என்பதே அதன் பொருள். அம்மன்னன் பெயரின் முதலெழுத்துகளை வடநாட்டாரின் பழைய உரூனிய எழுத்தில் பின்னியதே அதன் அடையாளக் குறி. ஆயிரம் ஆண்டுக்கு முன் மாண்ட ஒருவனின் பல்லைப் பெயராக வைத்தனர்; உலகம் சிரிக்கவில்லை. நாம் 'ஊடலை' என்றால் மட்டும் நம்மவர்க்கே சிரிப்பு வருகின்றது! பழமையை அவன் போற்றினால் அறிவியல், நாம் போற்றினால் பித்தா? சிரிப்பதற்குரியது சொல்லன்று, சிரிப்பவரின் அடிமை நெஞ்சே.

சிறுமலைச் சாலையில் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். அவ்விடத்தில் காதில் விழும் சொல், கணப்பொழுதில் நெஞ்சில் தைக்க வேண்டும். மொழிபெயர்த்துப் பார்க்க வளைவு காத்திருக்குமா? தமிழால் இயலாது என்பதும் பொய். கூகுள் வரைபடம் 2018-ஆம் ஆண்டிலிருந்தே தமிழில் வழி சொல்லி வருகின்றது. அயலவன் நிறுவனமே தமிழ் பேச முன்வந்தபின்னும், தமிழ்நாட்டு இளைஞன் தன் கைப்பேசியை ஆங்கிலத்திலேயே பேச விட்டிருக்கின்றானே! இதற்கு எவனைக் குறை சொல்வது?

எனவே தமிழர்களே, கண்ணீர் வடிப்பதை விடுத்துச் செயலில் இறங்குங்கள். தலைக்காப்பு, இடைப்பேசி, ஒலிப்பான், ஒலிவாங்கி, ஊடலை என நாள்தோறும் சொல்லிப் பழகுங்கள். மேற்கண்ட நான்கு தொடர்களையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் ஊர்ப் பட்டறைச் சுவர்களில் ஒட்டுங்கள். உங்கள் கைப்பேசியின் வழிகாட்டும் குரலை இன்றே தமிழாக்குங்கள். கருவி வாங்கும்போது, "தமிழ் வழிகாட்டித் தாள் எங்கே?" என்று விற்பவனைக் கேளுங்கள், ஒருவர் கேட்டால் நகைப்பான், நூற்றுவர் கேட்டால் அச்சிடுவான்.

மாங்காய்ப் பூட்டுக்குப் பெயரிட்ட மரபில் வந்தவர் நாம். எந்தக் கருவி வந்தாலும் அதன் திறவுகோல் தமிழன் கையில், தமிழாகவே இருத்தல் வேண்டும்!