கடனில்லாக் கிறிஸ்துமஸ்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்பொழுது, அதனைக் கொண்டாடும் இல்லங்களில் இருவகைக் கவலைகள் எழுகின்றன. விருந்தை எவ்வாறு சிறப்பாக நடத்துவது என்பது ஒன்று. அதற்கான பணத்தை எங்கே தேடுவது என்பது மற்றொன்று. முதற்கவலையில் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு பங்கு கொள்கின்றனர். இரண்டாவதைப் பெற்றோர் தங்களுக்குள்ளேயே மறைத்துக் கொள்கின்றனர். இந்த மறைப்பே பல வீடுகளில் ஜனவரி மாதத் துன்பத்திற்கு வித்தாகிறது என்பது எங்கள் கருத்து.

டிசம்பர் மழை மிகுந்த மாதம். நனைந்த மரத்தில் பால் வெட்ட இயலாது. வெட்டு நின்றால் வருமானமும் குறையும் என்பதைத் தோட்டத்தில் வாழ்வோர்க்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலையில் பணிபுரிவோர் நிலையும் பெரிதும் வேறன்று. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடாகிய 187 வெள்ளி போனால் எஞ்சுவது 1,513 வெள்ளி. சொக்சோவுக்கும் ஒரு சிறு தொகை உண்டு. வாடகையும் அரிசியும் மோட்டார் சைக்கிள் தவணையும் அந்த எச்சத்திற்காகவே காத்திருக்கின்றன. மேலும், சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப் போயிருந்த பள்ளித் தொடக்கம், 2026-ஆம் ஆண்டில் மீண்டும் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. ஆகவே, விருந்துண்ட இலையை எடுத்த கையோடு சீருடையும் காலணியும் புத்தகப்பையும் வாங்கியாக வேண்டும்.

நாங்களும் ஒருமுறை தடுமாறியவர்களே. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், அண்டை வீட்டின் மின்னும் மரத்தைக் கண்டு எங்கள் உள்ளமும் மயங்கிற்று. பிளாஸ்டிக் மரம், விளக்குச் சரம், மூன்றடுக்குக் கேக், பெட்டி பெட்டியாகப் பானம் என்று கடன் சொல்லி வாங்கினோம். விருந்தினர் வாயார வாழ்த்தினர். அடுத்த மாதம் பள்ளி திறந்தது. அப்போது நான்காம் ஆண்டில் பயின்ற எங்கள் மகள், பழைய காலணியையே அணிந்து புறப்பட்டாள். “இன்னும் அளவாகத்தான் இருக்கிறதம்மா” என்று அவளே சொன்னாள். மாலையில் அவள் கால்விரல்கள் சிவந்து கன்றியிருந்தன. நாங்கள் எதையும் அவளிடம் கூறவில்லை. ஆயினும் அவள் எல்லாவற்றையும் அறிந்திருந்தாள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் பட்ட கடன் என்று ஒன்று இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அதற்கடுத்த ஆண்டு முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நவம்பர் மாத இறுதி ஞாயிறன்று குடும்பத்தினர் அனைவரும் ஒரு தாளைச் சுற்றி அமர்வோம். முதல் வரியில் பள்ளிச் செலவு எழுதப்படும். அத்தொகை தனி உறையில் இடப்படும். 2023-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் வருமான வேறுபாடின்றி மாணவர்களுக்கு 150 வெள்ளி தொடக்க உதவிநிதி வழங்கத் தொடங்கியது. அதுவும் அவ்வுறைக்கே உரியது. அது காலணிக்கு வந்த பணம், கேக்குக்கு வந்ததன்று. இவை போக மிஞ்சுவதே கிறிஸ்துமஸ் பணம். ஒரு முறை அது 200 வெள்ளியாக இருந்தது. வேறொரு முறை 120 வெள்ளிதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் பெரியோர். அளக்கும் வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பதே நாங்கள் வற்புறுத்துவது. விலை அறிந்த பிள்ளை அடம்பிடிப்பதில்லை.

பணம் குறைந்தால் விழாவின் பொருளும் குறைந்துவிடுமோ? 1223-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அவர் தேடியவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே. இன்று உலகெங்கும் அமைக்கப்படும் குடில்களுக்கு அது முன்னோடியாயிற்று. எங்கள் குடிலுக்குக் கடையில் கேட்டு வாங்கிய காலி அட்டைப்பெட்டிகள் போதும். பழுப்புத்தாளைக் கசக்கி, மேலே சிறிது வண்ணம் பூசினால் மலைப்பாறை தோன்றிவிடும். பத்து நாள்களுக்கு முன்பே தகரமூடிகளில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகு விதைத்துவிட்டால், விழாவன்று மேய்ப்பர்களுக்குப் பசும்புல்வெளி கிடைத்துவிடும். இதில் தண்ணீர் தெளிக்கும் உரிமைக்காக ஆண்டுதோறும் வழக்கு நடக்கும்! மரத்திற்குச் சவுக்குக் கிளை ஒன்றை மணல் நிரப்பிய வாளியில் நட்டுக் கொள்கிறோம். வாசலில் தொங்குவது மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு பிள்ளைகள் செய்த விண்மீன். ஐந்து முனைகளில் ஒன்று எப்போதும் கோணலாகவே அமையும். எனினும், கடைச் சரக்கைக் காட்டிப் பெருமைப்படாத பிள்ளைகள் இதனை வருவோர்க்கெல்லாம் காட்டுகின்றனர்.

பலகாரத்தில் அச்சுமுறுக்கை நாங்கள் விடுவதில்லை. அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை ஆகியவையே முதல், உழைப்புத்தான் பெரிது. பெண்ணுக்கு அடுப்படி, ஆணுக்கு விளக்குச் சரம் என்று நாங்கள் பிரிப்பதில்லை. எங்கள் மகன் அச்சுமுறுக்குச் சுடுவதில் தாயையே மிஞ்சிவிட்டான்.

விருந்துக்கு மீகூன், கோழிக்கறி, ஒரு காய்கறிப் பிரட்டல் ஆகியவை போதும். மாட்டிறைச்சியைத் தவிர்த்து, கோழியை ஹலால் கடையில் வாங்கினால் அண்டை அயலார் பலரும் தயக்கமின்றி அமர்வர். உறவினர் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து வந்தால் இன்னும் நலம். “விருந்துக்கு அழைத்துவிட்டு உணவையும் கொண்டுவரச் சொல்வதா?” என்று சிலர் வெட்கப்படுகின்றனர். சிறுவயதில் கூட்டாஞ்சோறு ஆக்கி உண்ட நமக்கு இதில் என்ன வெட்கம்? பரிசுகளுக்கும் சீட்டுக் குலுக்கல் ஒன்று போதும். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே தருவது. பத்து வெள்ளிக்கு மேற்படலாகாது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் நம் தட்டும் செல்ல வேண்டும். இதில் மட்டும் நாங்கள் சிக்கனம் பார்ப்பதில்லை.

கசப்பாயினும் ஒன்றைக் கூறியே ஆக வேண்டும். கேக்கின் விலை பற்றியும் ஆடையின் விலை பற்றியும் வாதிடும் வீடுகளில், மதுவின் விலை பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. அச்செலவு எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. ஆனால், பல விருந்துகளில் அதுவே மிகப் பெரிய செலவு. நள்ளிரவு வழிபாட்டிலிருந்து திரும்பிய குடும்பம் விடியுமுன் சச்சரவில் முடிவதையும் நாம் கண்டிருக்கிறோம். எழுதக் கூசும் செலவைச் செய்யாமலிருப்பதே நன்று.

“ஆண்டுக்கு ஒருநாள், அன்றும் கணக்குப் பார்த்தால் பிள்ளைகளின் முகம் வாடாதா?” என்று கேட்போர் உளர். அவர்கள் கேள்வியில் அன்பு இருப்பதை மறுப்பதற்கில்லை. முதலாண்டு எங்கள் பிள்ளைகளின் முகமும் சற்று வாடத்தான் செய்தது. மூன்றடுக்குக் கேக்கை இளையவன் இருமுறை விசாரித்தான். பின்னர் கேழ்வரகு முளைத்தது; கேக்கை மறந்துபோனான்.

இப்பொழுது நவம்பர் ஞாயிறன்று தாளை எடுத்து வருபவன் அவனே. தலைப்பில் சிலுவையிட்டு, அதன் கீழ் முதல் வரியில் “கறுப்புக் காலணி, இரண்டு சோடி” என்று எழுதிவிட்டுத்தான் எங்களை அழைக்கிறான்.