குளவியைக் காணாத திணை

சில மாதங்களுக்கு முன் கோவையில் ஓர் இலக்கியக் கூட்டம். சங்க இலக்கியமும் சூழலியலும் என்பது பொருள். பேசியவர் என் மதிப்புக்குரிய நண்பர். திணைக்கோட்பாடே உலகின் முதல் சூழலியல் என்றார். முதல், கரு, உரி எனப் பகுத்துணர்ந்த இனத்துக்கு மேற்கிலிருந்து யாரும் வந்து இயற்கையைக் கற்பிக்க வேண்டியதில்லை என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து வாசலில் தேநீர் அருந்திக்கொண்டு நின்றோம். அருகில் ஒரு செம்பருத்தி. அதன் தண்டெங்கும் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக அப்பிக் கிடந்தது. "இது என்ன?" என்று கேட்டேன். "ஏதோ பூஞ்சைங்க" என்றார் நண்பர். சுற்றி நின்ற எட்டுப் பேரும் தமிழ் முதுகலை படித்தவர்கள். எவருக்கும் தெரியவில்லை. அது மாவுப்பூச்சி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே கொங்கு மண்டலத்தை அழவைத்த குடும்பத்தைச் சேர்ந்த உயிர்.

நண்பரைக் குறைசொல்வது என் நோக்கம் அன்று. நம் எல்லோரையும் குறைசொல்வதே நோக்கம். தமிழ் இலக்கியச் சூழலில் இன்று இயற்கை குறித்து நடக்கும் பேச்சில் பெரும்பகுதி முன்னோர் துதி. அதில் பார்த்தல் என்பது இல்லை. இந்தப் பாராமைக்கு ஒரு விலை உண்டு. அதை நாம் கொடுப்பதில்லை. தோட்டத்தில் நிற்பவன் கொடுக்கிறான்.

நடந்ததைச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாய்நிலம். ஈராண்டுக்குள் கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் எங்கும் பரவிற்று. பப்பாளியோடு நிற்கவில்லை. பட்டுப்புழுவுக்கான மல்பெரி, மரவள்ளி, கொய்யா, பருத்தி, தேக்கு என ஏறிற்று. சாலையோரப் பார்த்தீனியமும் துத்தியும் அதற்குச் சத்திரமாயின. அவினாசிக்கு அருகே என் மாமாவின் தோட்டத்தில் பப்பாளி முழுதும் வெள்ளை பூத்து நின்றதை நான் பார்த்தேன். "எத்தன மருந்தடிச்சாலும் போவ மாட்டேங்குதுங்க மாப்ள" என்றார். அந்த ஆண்டு அவர் மரங்களை வெட்டித் தீயிட்டார்.

ஏன் போகவில்லை? அந்தப் பூச்சியின் மேல் மெழுகுப் படலம் உண்டு. தெளிக்கும் நீர்மம் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருக்கும். பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, உடல் வளர்க்கும் சத்து குறைவு. குறைபடும் அமினோ அமிலங்களை மாவுப்பூச்சிகளின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்கித்தருகின்றன. மிஞ்சும் சர்க்கரை இனிப்புக் கழிவாக வெளியேறுகிறது. அதற்காக எறும்புகள் வருகின்றன. வந்தவை பூச்சியின் பகைகளை விரட்டுகின்றன. இலைமேல் சொட்டிய இனிப்பில் கரும்பூசணம் படர்ந்து இலை வெயில் வாங்காமல் சோர்கிறது. செடி, பூச்சி, நுண்ணுயிர், எறும்பு, பூசணம் என ஐந்து தரப்பு கூடிய உறவு இது. இதற்குள் ஆறாவதாக நுழைந்த மனிதன் கையில் வைத்திருந்தது ஒரு தெளிப்பான் மட்டுமே. அது மாவுப்பூச்சியை விட்டுவிட்டு அதைத் தின்னும் பொறிவண்டைக் கொன்றது. புழுப்பருவத்தில் மாவுப்பூச்சியையே உண்டு வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சி நம் மண்ணில் உண்டு. அதன் கூட்டுப்புழு குரங்கு முகம்போல் இருக்கும். அதையும் கொன்றது.

தீர்வு வேறு வழியில் வந்தது. மாவுப்பூச்சி கடல் கடந்து வந்தபோது அதன் பிறந்த நாட்டுப் பகை உடன்வரவில்லை. ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத ஒட்டுண்ணிக் குளவி அது. அசெரோஃபேகஸ் பப்பாயே என்பது அறிவியற்பெயர். இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பு என வழங்கும் பெங்களூர் நிறுவனம் 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதை வரவழைத்தது. தனிமைக்காப்பில் வைத்துச் சோதித்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பிற நிலையங்களும் பெருக்கித் தோட்டங்களில் விட்டன. தாய்க்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே அதைத் தின்று, கூடாக்கி, துளையிட்டு வெளியேறும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கிற்று. ஈராண்டு நஞ்சு சாதிக்காததை ஒரு குளவி சாதித்தது.

இதைப் பற்றித் தமிழில் ஒரு கவிதை, ஒரு சிறுகதை, ஒரு நல்ல கட்டுரை? என் கண்ணில் படவில்லை. அதே ஆண்டுகளில் திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வேடுகளுக்குக் குறைவிருந்ததாக நினைவில்லை.

இலக்கியம் வேளாண் துண்டறிக்கை அல்லவே என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மை. ஆனால் சொற்கள் நம் பொறுப்பா இல்லையா? என் மாமா சொன்ன வாக்கியத்தை மீண்டும் பாருங்கள். 'மருந்தடிச்சாலும்' என்றார். பூச்சிக்கொல்லிக்குக் கொங்கு நாட்டில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் பெயர் மருந்துதான். நோயையும் அதன் மூலத்தையும் ஆராயச் சொன்ன அதிகாரத்துக்கு வள்ளுவர் இட்ட பெயரை, எதையும் ஆராயாமல் எல்லாவற்றையும் கொல்லும் திரவத்துக்கு நாம் கொடுத்துவிட்டோம். அதே ஊரில், அதே வாய், இன்னொரு வீட்டின் துக்கத்தைச் சொல்லும்போதும் 'மருந்தைக் குடிச்சுட்டான்' என்றே சொல்கிறது. அப்போது மட்டும் எல்லோருக்கும் அச்சொல்லின் உண்மைப் பொருள் தெரிகிறது.

மருந்து என்று சொன்னவுடன் செடி நோயாளி ஆகிறது, பூச்சி கிருமி ஆகிறது, கடைக்காரர் மருத்துவர் ஆகிறார். உறவு என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. விவசாயியை நான் பழிக்கவில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவன் வெள்ளை பூத்த மரத்தின் முன் நின்று தத்துவம் பேச முடியாது. அவனுக்குச் சொல் கொடுக்க வேண்டியவர்கள் இருவர். அறிவியலாளர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தமிழாசிரியர் திணையை எழுதுகிறார். ஆகவே சொல் கொடுக்கும் வேலை கடைக்காரருக்குப் போயிற்று.

பட்டறிவு வந்ததா என்றால், 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. மட்டைகளின் அடிப்புறம் வெள்ளைச் சுருள்கள். மேற்புறம் கரி பூசியதுபோல் பூசணம். இம்முறை அதன் பகையான குளவி யாரும் அழைக்காமலே உடன்வந்து தோப்புகளில் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நஞ்சு தெளிக்காதீர்கள், தெளித்தால் குளவி சாகும் என்று சொன்னார்கள். கேரளத்தில் காயங்குளம் பகுதித் தென்னைகளில் அந்தக் கரும்பூசணத்தையே மேய்ந்து இலையைத் துடைத்துவைக்கும் ஒரு வண்டும் கண்டறியப்பட்டது. அதன் அறிவியற்பெயரில் நீலகிரி இருக்கிறது. நம் மலையின் பெயரைத் தாங்கிய அவ்வண்டுக்குத் தமிழில் பெயர் கேட்டால் நம்மிடம் இல்லை. அறிவுரையைக் கேட்டுப் பொறுத்தவர்களும் உண்டு; பொறுக்காமல் தெளித்தவர்களும் உண்டு. பெயரே இல்லாத ஓர் உயிர் காப்பாற்றும் என்று எப்படி நம்புவது?

2020-இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டுப் பின் சேலம், நாமக்கல் பக்கம் பரவிற்று. 1980-களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் உணவைக் காத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022-இல் இங்கு விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் அப்பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் பேச்சிலோ இம்முறையும் அது 'புதுசா வந்த பூச்சிக்கு மருந்து இருக்குதா' என்ற கேள்வியாகவே நின்றது.

இனி, முன்னோர் அறிந்திருந்தார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எண்ணுகிறது. பிறவும் கொள்க என வாசலைத் திறந்தும் வைக்கிறது. அந்தத் திறந்த வாசல் வழியே இரண்டாயிரம் ஆண்டுகளில் நாம் எதை உள்ளே கொண்டுவந்தோம்? புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமே கொண்ட ஓரறிவுயிர் என்று மரபியல் சொல்கிறது. கண்ணால் கண்டதை வைத்து உயிர்களை வரிசைப்படுத்தத் துணிந்த மகத்தான முயற்சி அது. ஆனால் 1990-இல் மக்காச்சோளத்தில் செய்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. புழு கடித்த செடி காற்றில் ஒரு மணத்தை விடுகிறது. அந்த மணத்தைப் பிடித்து ஒட்டுண்ணிக் குளவி வந்து புழுவைத் தாக்குகிறது. தொல்காப்பியர் இன்று இருந்தால் தம் நூற்பாவைத் திருத்தியிருப்பார். நாமோ நூற்பாவைக் காட்டி ஆய்வை அடக்குகிறோம்.

இன்னும் வலுவான சான்று குளவியே. புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்கும் குளவியைக் குருவருளுக்கு உவமையாக நம் சமய இலக்கியம் பல நூற்றாண்டுகள் சொல்லிவந்தது. பிரமர கீட நியாயம் என்று அதற்குப் பெயர். உவமை அழகு. செய்தி தவறு. குளவி புழுவை மயக்கி வைப்பது தன் குஞ்சுக்கு உணவாக. கூட்டிலிருந்து வெளிவருவது புழுவைத் தின்ற குளவிக்குஞ்சு. நம் வீட்டு உத்தரத்தில் ஒட்டியிருந்த மண்கூட்டை உடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிரான்சில் ஃபாபர் என்ற பள்ளியாசிரியர் உடைத்துப் பார்த்தார். 1879 முதல் பத்துத் தொகுதிகள் எழுதினார். அவரை இலக்கிய நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தார்கள். புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து நாம் வரவழைத்த உயிரின் வாழ்முறை நம் உவமைக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது. நாம் அருளை எடுத்துக்கொண்டு குளவியை விட்டுவிட்டோம்.

மறுதரப்பையும் விட்டுவிட முடியாது. மேலைநாட்டு அறிவியலே கேடு, மண் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் நம்மிடையே பெருகிவருகிறார்கள். பப்பாளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிகள். பின்னால் வந்த பூச்சியை மட்டும் அந்நியன் என்பது வேடிக்கை. சப்பாத்திக்கள்ளி காடெல்லாம் மண்டியபோது 1926-இல் அதை அழித்ததும் இலங்கை வழியாகக் கொண்டுவந்த ஒரு பூச்சிதான். அதற்கு முன் 1795-இல் சாயப்பூச்சி என்று தவறாக எண்ணி வேறொன்றைக் கொண்டுவந்த கதையும் உண்டு. ஆகவே அயலுயிரைக் கொணர்வது விளையாட்டன்று. சோதனையும் காவலும் வேண்டும். அவை ஆய்வுக்கூடத்தின் வேலை. அதேசமயம் ஆய்வுக்கூடம் விட்ட குளவி வாழ்வதற்குத் தோட்டத்தில் பூவும் நிழலும் வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் கிளுவை வேலி, வெள்வேல், கொழுக்கட்டைப்புல், இடையே நரிப்பயறு என ஒரு கூட்டுக்குடும்பம் இருந்தது. கிளுவை போய்க் கம்பிவேலி வந்த இடங்களில் குளவிக்கும் சிலந்திக்கும் வீடு போயிற்று. இரண்டு அறிவும் வேண்டும் என்பதே என் கட்சி.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் கானுயிரைத் தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். பெருமாள்முருகன் தனியொருவராகக் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்து 2000-இல் வெளியிட்டார். ஆகவே முடியாத காரியமில்லை. திணை நடத்தும் ஒவ்வொரு தமிழ்த்துறையும் மாணவர்களைப் பருவத்துக்கு ஒருமுறை ஒரு தோட்டத்துக்கு அனுப்பட்டும். பத்து உயிர்களின் பெயரை அங்குள்ளவர் வாயால் கேட்டு எழுதி வரட்டும். பெயர் இல்லாதவற்றுக்குப் பெயர் சூட்டட்டும். நஞ்சை மருந்து என்று எழுதுவதை நாமாவது நிறுத்துவோம். சொல் மாறினால் விளைச்சல் பெருகிவிடாது. தெளிப்பதற்கு முன் ஒரு நொடி கை நிற்கும். குளவிக்கு அந்த நொடி போதும்.

சென்ற வாரம் வகுப்பில் தும்பியை விளிக்கும் குறுந்தொகைப் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஏனுங்கய்யா, தும்பின்னா தட்டானுங்களா?" என்றாள். இல்லையம்மா, இங்கே வண்டு என்றேன். "எந்த வண்டுங்கய்யா?" என்றாள்.

இருபது ஆண்டுகளாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். இறையனாருக்கும் நக்கீரருக்கும் நடந்த வழக்கை மணிக்கணக்கில் சொல்வேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.