நஞ்சுக்கு மருந்து என்று பெயர்



உழவர் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம். "கடலைக்கு மருந்து அடித்தாயிற்றா?" என்று கேட்கிறோம். "கத்தரிக்கு மருந்து வாங்க வேண்டும்" என்று சொல்லுகிறோம். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருத்துவர் தருவதும் மருந்து. காயைத் துளைக்கும் புழுவின்மீது நாம் தெளிப்பதும் மருந்து. முன்னது உயிரைக் காக்கப் பிறந்தது. பின்னது உயிரைப் போக்கப் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதால், அச்சத்தோடு கையாள வேண்டிய பொருளை நம்பிக்கையோடு கையாளப் பழகிவிட்டோம்.

பூச்சிகொல்லியே கூடாது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. 1966ஆம் ஆண்டில் ஐ.ஆர்.8 நெல் வெளிவந்தது முதல், குட்டை இரகங்களும் இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் சேர்ந்தே நம் வயல்களில் நுழைந்தன. பஞ்சத்தின் கொடுமையை அறிந்திருந்த நாட்டிற்கு அவை சோறு கொடுத்தன. இந்த நன்றியை மறத்தல் ஆகாது. ஆனால் நன்றி வேறு, கண்மூடித்தனம் வேறு அன்றோ?

முந்திரிக் காடுகள் தந்த பாடம்

கந்தர்வக்கோட்டை வட்டாரத்துச் செம்மண்ணில் முந்திரி வளர்ப்போர் பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் உண்டு. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில், தேயிலைக் கொசுவைக் கட்டுப்படுத்த 1970களின் இறுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. மரத்தின்மேல் விழுந்த நஞ்சு கிணற்றிலும் ஓடையிலும் கூரையிலும் விழுந்தது. அவ்வூர்களில் பிறவிக் குறையுடனும் நரம்புக் கோளாறுடனும் குழந்தைகள் பிறப்பதைக் கண்டு, உள்ளூர் மருத்துவரும் பெற்றோரும் குரல் எழுப்பினர். நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின், 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்நஞ்சுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வீதம் வழங்குமாறு 2017 சனவரியில் கேரள அரசுக்கு ஆணையிட்டது. பணம் கிடைத்தது, குழந்தைகளின் உடல்நலம் திரும்பக் கிடைக்குமா?

விதைக்குள் வைத்த காவல்

வெளியே நஞ்சு தெளிப்பதற்கு மாற்றாக, செடிக்குள்ளேயே பாதுகாப்பை வைத்தால் என்ன என்று அறிவியலார் எண்ணினர். மண்ணில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியா, சில புழுக்களை மட்டும் கொல்லும் புரதத்தை உண்டாக்குகிறது. அதற்குரிய மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். அதுவே பி.டி. பருத்தி. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழு அடங்கியது. அதற்காகத் தெளிக்கும் தடவைகளும் குறைந்தன.

ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசையாவது, அல்லது நிலத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும். புழுக்களில் ஒரு பகுதி அங்கே நஞ்சுக்கு ஆளாகாமல் வளர்ந்து, எதிர்ப்பாற்றல் பெற்ற புழுக்களோடு கலந்தால்தான் அந்த ஆற்றல் இனம் முழுவதும் பரவாது. இதற்காக ஒவ்வொரு விதைப் பையோடும் 120 கிராம் சாதாரண விதையும் தனியே தரப்பட்டது. "புழுவுக்கென்று ஒரு பங்கு விடுவதா?" என்று எண்ணி, பலர் அதை விதைக்காமலே விட்டனர். விளைவு என்ன? இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட செய்தி 2010இல் குஜராத்திலிருந்து வந்தது. அடுத்து வந்த இரண்டாம் தலைமுறை விதையையும் அது சில ஆண்டுகளில் வென்றது. மீண்டும் தெளிப்பான் தோளேறியது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துப் பருத்தி வயல்களில் பூச்சிகொல்லி தெளித்தவர்களுள் 20 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

உணவுப் பயிருக்கும் இம்முறை வந்திருக்கும். பி.டி. கத்தரிக்காய் ஆய்வில் நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டிருந்தது. ஆனால் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதனை நிறுத்தி வைத்தார். அண்டை நாடான வங்காளதேசமோ 2014 முதல் அதைப் பயிரிடுகிறது. இதற்கிடையே, வேற்று உயிரின் மரபணுவைச் சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி உருவாக்கிய இரண்டு நெல் இரகங்களை 2025 மே மாதம் நம் நாடு அறிவித்தது. ஆகவே இந்த அறிவு நின்றுவிடப் போவதில்லை.

இதுபற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், மரபணு மாற்றம் முழுவதற்கும் ஒரே தீர்ப்பு வழங்க இயலாது என்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றும், நிலமும் விதையும் ஒரு சிலர் கைக்குள் சென்று சிறு விவசாயி நலிந்து போகாமல் காக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. நமக்கும் அதுவே நல்ல அளவுகோல்.

சிறு குளவியின் பெருந்தொண்டு

2008ஆம் ஆண்டு கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதையெல்லாம் வெள்ளைப் பஞ்சாக மூடியது. எவ்வளவு தெளித்தும் அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டி நஞ்சு எளிதில் உள்ளே செல்லவில்லை. மல்பெரியில் தெளித்தாலோ பட்டுப்புழு மாளும். 2010இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வகம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிறு குளவியை வரவழைத்தது. அது மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குளவி வயல்களில் விடப்பட்ட சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு துளி நஞ்சும் தேவைப்படவில்லை! மாறாக, அவசரப்பட்டு நஞ்சு தெளித்தால் இந்தக் குளவியே முதலில் மாண்டிருக்கும்.

நம் வயலில்

உயிரித் தொழில்நுட்பம் என்றவுடன் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தையே எண்ண வேண்டியதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள தேசிய பயறு வகைகள் ஆராய்ச்சி மையம், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து இரகங்களை அளித்துள்ளது. அந்நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. இரகமே நோயைத் தாங்குமானால், வெள்ளை ஈக்காக ஓடி ஓடித் தெளிக்கும் செலவு குறையுமன்றோ?

நிலக்கடலை விதைக்குமுன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் வேரழுகல் குறையும். ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்தால் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். வரப்போரம் ஆமணக்கு நட்டால் வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் அகன்ற இலையில் முட்டையிடும். அவ்விலையைக் கிள்ளி அழித்துவிடலாம். முதல் மழைக்குப் பின் வெளிவரும் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகளை விளக்குப்பொறி வைத்துப் பிடிக்கலாம். இவற்றிற்குக் காசு குறைவு; கவனம்தான் மிகுதியாக வேண்டும். இத்தனைக்கும் அடங்காதபோது மட்டுமே நஞ்சை நாடுதல் முறை.

நம் வீட்டில்

நஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டுமெனில், குடும்பத் தலைவர்களும் இல்லத்தரசிகளும் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

கொள்கலனில் சாய்சதுர வடிவில் ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நச்சுத்தன்மை படிப்படியாகக் குறையும். பச்சையும் நஞ்சே என்பதை மறவாதீர்கள். கடைசியாகத் தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். சந்தையில் விலை ஏறிவிட்டது என்பதற்காக நேற்றுத் தெளித்த கத்தரியை இன்று பறித்து அனுப்புவது, முகம் தெரியாத ஒரு வீட்டின் குழந்தைக்கு நஞ்சு பரிமாறுவதாகும். வாங்குகிறவர் கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிய நஞ்சு போகாது.

காலிக் கொள்கலனை எக்காரணம் கொண்டும் வீட்டுப் புழக்கத்திற்குக் கொண்டுவரலாகாது. 2013 சூலை 16 அன்று பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தெரியவந்தது. உண்ணும் பொருளும் கொல்லும் பொருளும் ஒரே இடத்தில் புழங்கியதால் விளைந்த கேடு அது. நஞ்சைச் சமையற்கட்டிலும் பரணிலும் வைக்காமல், பூட்டிய பெட்டியில் வையுங்கள். அது குழந்தைக்கும் எட்டக்கூடாது. மனம் உடைந்த வேளையில் பெரியவருக்கும் எட்டக்கூடாது. எவருக்கேனும் நஞ்சேறினால், கொள்கலனை, அல்லது அதன் முகப்புச் சீட்டையாவது, மருத்துவமனைக்கு உடன் கொண்டு செல்லுங்கள். என்ன நஞ்சு என்பது தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

புட்டியிலும் விதையிலும் அறிவியலார் ஆற்றலை அடைத்துத் தரலாம். அளவை அடைத்துத் தர இயலாது. புழுவுக்கென ஐந்து வரிசை விடுவதும், பறிக்குமுன் சில நாள் பொறுப்பதும், குளவி வேலை செய்யும்வரை காத்திருப்பதும் நாமே செய்ய வேண்டியவை. அதற்கு முதற்படியாக, இன்று முதல் நம் வீடுகளில் அதனை மருந்து என்று அழைப்பதை விடுவோம். நஞ்சை நஞ்சென்றே சொல்லி நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.