அந்தமான் கொல்லைப்புறத்து ஊசிமிளகாய்

சங்க இலக்கியத்தில் 'கறி' என்ற பெயரில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அச்செடி 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பல்களில் இந்தியக் கரையை அடைந்தது. வந்த பொருளுக்குத் தமிழ் புதுச்சொல் தேடவில்லை. மிளகுபோல் காரமான காய் என்று 'மிளகாய்' ஆக்கிக்கொண்டது. வங்காளி அதனை 'லங்கா' என்கிறான். இலங்கைத் தமிழரிடையே 'கொச்சிக்காய்' என்ற பெயர் வழங்குகிறது. வேற்றூரின் பெயரை நினைவூட்டாமல் இச்செடியை அழைக்க இவ்விரு மொழிகளுக்கும் இயலவில்லை போலும்.

அந்தமானில் இப்பெயர்கள் ஒரே தெருவில் புழங்குகின்றன. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து 1949 முதல் குடியமர்த்தப்பட்டோர், தமிழர், மலையாளிகள், தெலுங்கர், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர் எனப் பலரும் வாழும் தீவு அது. வேலியோரம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும் சின்னஞ்சிறு மிளகாய் தமிழருக்கு ஊசிமிளகாய், மலையாளிக்குக் காந்தாரி, வங்காளிக்கு 'தானி லங்கா'. 'தான்' என்றால் நெல். நெல்மணிபோல் சிறியது என்பது பொருள். வங்கக் கடலுக்கு அப்பால் மலாய்க்காரர் இதே சிறுமிளகாயை 'சிலி பாடி' என்பர். 'பாடி' என்பதும் நெல்லே. இரு கரையிலும் மக்கள் தனித்தனியே ஒரே உவமையை எட்டியிருக்கலாம், அல்லது ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டிருக்கலாம்.

வீட்டில் மிளகாய்க் கலப்பினம் உருவாக்கும் ஆர்வம் பரவிவரும் இக்காலத்தில், தீவின் பொழுதுபோக்குத் தோட்டக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேலியோரச் செடியைத்தான். பலரின் பார்வையோ வேறெங்கோ இருக்கிறது.

காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் 1912இல் ஓர் அளவுகோல் வகுத்தார். அசாம், நாகாலாந்துப் பகுதியின் பூத் ஜோலோகியா 2007இல் பத்து லட்சம் அலகைத் தாண்டிக் கின்னஸ் ஏட்டில் ஏறியது. 2013இல் கரோலினா ரீப்பர் 15 லட்சத்தைக் கடந்தது. அதனை உருவாக்கிய எட் கரியே 2023இல் பெப்பர் எக்ஸ் என்ற வகையின் மூலம் அளவை ஏறத்தாழ 27 லட்சத்திற்குக் கொண்டுபோனார். இது ஒரு விளையாட்டு. விளையாட்டாக அதில் குறையேதும் இல்லை. ஆயினும் சோற்றோடு தொட்டுக்கொள்ள முடியாத ஒரு காயைப் பத்துத் தொட்டிகளில் வளர்த்து என்ன காண்பது? காரத்திற்குக் காரணமான கேப்சைசின் விதையில் ஊறுவதன்று. விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில் ஊறுகிறது. பாலூட்டிகளை எரிக்கும் அப்பொருள் பறவைகளைத் தொடுவதில்லை. ஆகவே பறவை தின்று, விதையைச் சிதைக்காமல் தொலைவில் எச்சமிடுகிறது. அந்த ஏற்பாட்டிற்கு ஊசிமிளகாயின் காரமே போதுமானது.

அந்தமானின் உண்மையான பிரச்சினை காரம் அன்று, மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் வேரோடு சாய்க்கிறது. காலையில் பசுமையாக நின்ற செடி மாலையில் தொங்கிப்போகும். மருந்து தெளித்து மீட்க வழியில்லை. தாங்கும் வகையை நடுவதே தீர்வு. கத்தரியில் அத்தகைய வகையைத் தீவிலேயே இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. காய்கறியின் பெரும்பங்கு சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வரும் ஊரில், புயல் சின்னத்தால் ஒரு கப்பல் தாமதித்தாலும் கடைத்தெரு அதை உணரும். ஐப்பசி மழையிலும் காய்த்து நிற்கும் ஒரு கொல்லைச் செடியின் மதிப்பு அங்கே தெரியும்.

இங்கேதான் கலப்புக்கு வேலை இருக்கிறது. செய்முறை கடினமன்று. மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையில் மெல்லத் திறந்து, இன்னும் வெடிக்காத மகரந்தப்பைகளை இடுக்கியால் ஒன்றுவிடாமல் நீக்க வேண்டும். மறுநாள் காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூவை மெல்லிய துணியால் மூடி, காம்பில் நூல் கட்டினால் முடிந்தது. பொறுமை தேவைப்படுவது அதற்குப் பிறகு. முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இருக்கும்; அதைக் கண்டு புதுவகை பிறந்துவிட்டதாக மகிழ்வோர் பலர். இரண்டாம் தலைமுறையில் குட்டை, நெட்டை, கூர்மை, உருண்டை என எல்லாம் சிதறும். அதிலிருந்து தேர்ந்து தேர்ந்து, ஆறேழு தலைமுறை கடந்தபின்பே குணம் நிலைக்கும். ஊசிமிளகாயும் சந்தையில் கிடைக்கும் நீள்மிளகாயும் வேறுவேறு இனங்கள் என்பதால் அவற்றின் கலப்பு எளிதில் கைகூடாது. கைகூடினாலும் முதல் தலைமுறையில் மலட்டுத்தன்மை தலைகாட்டும். இருபது பூவில் ஒன்று பிடித்தாலும் அதை வெற்றியாகக் கொள்ளலாம்.

பூத் ஜோலோகியாவின் கதை வேறு. அதன் மரபணுவிலேயே ஊசிமிளகாய் இனத்தின் சாயல் கலந்திருப்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்விரு இனங்களும் எளிதில் உறவாடும். காரப்போட்டிக்காக அதை வேலியருகே நடுபவர், தேனீயின் தயவால் அடுத்த ஆண்டு எடுக்கும் ஊசிமிளகாய் விதை எதுவென்று அறியாமலே போகக்கூடும். இதைத் தூய்மைவாதமாக எண்ண வேண்டியதில்லை. கலந்து பிறந்த பொதுமொழியான இந்துஸ்தானியைப் பேசும் தீவில் தூய்மை பேசுவது நகைப்புக்குரியது. கலப்பு நல்லது; கணக்கில்லாத கலப்பே இழப்பு. பேச்சில் மாறிய சொல்லைப் பழைய ஆவணத்தில் தேடிப் பிடிக்கலாம். விதைக்கு ஆவணம் விதைதான். ஊரில் கடைசிச் செடி கலந்தபின் தாய்வடிவத்தை எங்கே தேடுவது?

அதைவிட அஞ்சத்தக்கது அயல்நாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைக்கும் விதைப் பொட்டலம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, உரிய சான்றின்றி விதை கொண்டுவருவதைத் தடுக்கிறது. ஆர்வலர் பலர் அதனை அரசின் வீண் கெடுபிடி என்று கருதுகின்றனர். கடந்த பத்தாண்டுகளில் இஸ்ரேல், ஜோர்டான் பகுதியில் தென்பட்டு நாடுநாடாகப் பரவிய தக்காளிப் பழுப்புச் சுருக்க நச்சுயிரி மிளகாயையும் தாக்கும், விதையோடும் பயணிக்கும். தீவுக்கு இவ்விஷயத்தில் பட்டறிவு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்றும் மழைக்காலத்தில் நாற்றங்காலை மேய்கிறது.

எனவே கலப்பில் இறங்கும் முன் தாயைக் காப்பதே முறை. நன்கு காய்த்த, நோய்படாத ஓர் ஊசிமிளகாய்ச் செடியில் ஒரு கிளையை, மொட்டு விரியுமுன் கொசுவலைத் துணியால் மூடிவிட்டால் போதும். தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பழுத்ததும் நிழலில் உலர்த்திய விதையைக் கரித்துண்டிட்ட கண்ணாடிப் புட்டியில் அடைக்க வேண்டும். அந்தமானின் ஈரக்காற்று திறந்து வைத்த விதையை ஓராண்டில் கெடுத்துவிடும். புட்டியின் மேல் எந்த வீட்டுச் செடி, எந்த ஆண்டு, அவ்வீட்டார் அதை எந்தப் பெயரால் அழைத்தனர் என்ற மூன்றும் இருக்கட்டும். 2001ஆம் ஆண்டின் தாவர வகைகள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உழவரும் தம் வகையைப் பதிவுசெய்ய இடம் தருகிறது. அந்த விண்ணப்பத்தில் வகையின் பெயரையும் வந்த வழியையும் கேட்பார்கள். வங்காளப் பாட்டி 'தானி லங்கா' என்று கொடுத்த விதையைத் தமிழ் வீட்டுக்காரர் ஊசிமிளகாய் என்று எழுதியிருந்தால், இரண்டையும் எழுதுவதே சரியான பதிவு.