புதிய ஆசிரியருக்கு மாலை வேண்டாம், முதுகுப்பை கொடுங்கள்

ஒரு பள்ளிக்குப் புதிதாக ஆசிரியர் வந்தால் என்ன நடக்கும்? எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார்கள். கைதட்டுவார்கள். கையில் கால அட்டவணையைக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அவர் பாடு! சாதாரண வகுப்பறைக்கு இது போதும். முதல் நாள் தடுமாறினால் மாணவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள், அடுத்த வாரம் எல்லாம் சரியாகிவிடும்.

ஆனால் மலையும் பனியும் ஆறும் வகுப்பறையாக இருக்கும் பள்ளியில் இந்த வரவேற்பு போதுமா?

அமெரிக்காவில் 'செமஸ்டர் பள்ளி' என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் பதினோராம் வகுப்பு மாணவர்கள் தங்கள் சொந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு செமஸ்டர் மட்டும் விலகி, இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்ற ஊரில் உள்ள ஹை மவுன்டன் இன்ஸ்டிடியூட் அப்படிப்பட்ட ஒன்று. அந்த ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வரலாறோ கணிதமோ நடத்தும் ஆசிரியர்தான் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மாணவர்களோடு மலைக்கும் போகிறார். கூடாரம் அடிப்பதிலிருந்து காயத்துக்குக் கட்டுப்போடுவது வரை அவர் பொறுப்பு.

இரண்டும் நன்றாகத் தெரிந்தவர் எத்தனை பேர் கிடைப்பார்கள்? கணிதத்தில் கெட்டிக்காரர் பனியில் ஓர் இரவுகூடத் தூங்காதவராக இருக்கலாம். நன்றாக மலை ஏறுபவர் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றே இருக்கமாட்டார். ஆக, அங்கே புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் மாணவர்தான்.

இதை முதலிலேயே புரிந்துகொண்டவர் பால் பெட்ஸோல்ட். 1938-ல் கே2 சிகரத்துக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் இருந்தவர். இளைஞர்களை மலைக்கு அழைத்துப்போகப் பயிற்சி பெற்ற தலைவர்கள் போதவில்லை என்று கண்டு, 1965-ல் வயோமிங்கில் நேஷனல் அவுட்டோர் லீடர்ஷிப் ஸ்கூலைத் தொடங்கினார். மாணவருக்குப் பள்ளி வைப்பதற்கு முன் ஆசிரியருக்குப் பள்ளி வை என்பதுதான் அதன் பொருள்.

இது வெறும் நிர்வாக விஷயம் அல்ல, உயிர் விஷயம். 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில் எடின்பரோ பள்ளிக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. ஐந்து மாணவர்களும் 18 வயதான ஒரு பயிற்சி உதவியாளரும் இறந்தார்கள். குழுவை அழைத்துச் சென்றவர் இளம் கல்லூரி மாணவி. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இளையவர் தோளில் இவ்வளவு பாரம் ஏற்றியது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொரு சம்பவம். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் பே கடலில் சிறுபடகுப் பயிற்சிக்குப் போன நான்கு மாணவர்கள் இறந்தார்கள். இதில் மனதை உறுத்துவது எது தெரியுமா? அந்த மையத்தில் பாதுகாப்பு சரியில்லை என்று அங்கே வேலை பார்த்துவிட்டு விலகிய பயிற்றுநர்கள் முந்தைய ஆண்டே நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார்கள்! 1994-ல் அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டார்கள். 1995-ல் இத்தகைய மையங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. எல்லாம் வந்தது, நான்கு பிள்ளைகள் மட்டும் வரவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களும் இரண்டு பாடம் சொல்கின்றன. ஒன்று, புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டு, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உண்மையான வரவேற்பு.

மாணவர்கள் வருவதற்கு முன்பே பழைய ஆசிரியர்களும் புதியவர்களும் சேர்ந்து சில நாட்கள் மலையில் தங்க வேண்டும். அங்கே புதியவர் அடுப்பு பற்றவைக்கட்டும், வரைபடம் பார்த்து வழி தவறட்டும், நனையட்டும். பிள்ளைகள் இல்லாதபோது செய்யும் தவறு கதையாக முடியும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யும் தவறு செய்தியாகிவிடும்.

"அவரிடம்தான் முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதே, இதற்கு வேறு செலவு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சான்றிதழ் அவருக்குக் கட்டுப்போடத் தெரியும் என்று சொல்லும். மேகம் கறுக்கும்போது, பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம் போகலாம் சார்" என்று கெஞ்சும்போது, "வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு உண்டா என்று சொல்லாது. அந்தத் தைரியம், திரும்பி வந்தால் யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியவர்கள் பழையவர்கள்தான்.

புதிய ஆசிரியரிடம் எல்லோரும் முதலில் கேட்பது "உங்களுக்கு என்னென்ன தெரியும்?" என்று. அதைவிட "உங்களுக்கு எது பயம்? எது தெரியாது?" என்று கேட்பது நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பயப்படும் ஆசிரியர்தான் ஆபத்தானவர். ஒரு மாதம் கழித்து இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "நாங்கள் செய்வதில் எது உங்களுக்குத் தவறாகப் படுகிறது?" பழகிய கண்ணுக்குத் தெரியாத ஓட்டை புதிய கண்ணுக்குத் தெரியும்.

மாலை அன்று சாயங்காலமே வாடிவிடும். இந்த இரண்டு கேள்விகளும் ஒரு பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.