கணக்கில் இருக்கிறது கருணை



வேலை போனவர்கள் நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களும் எழுதுகிறார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் எழுதுவதில்லை. நல்ல காலத்தில் ஹெச்.ஆர். என்றால் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் கொடுப்பவர், கோலப்போட்டி நடத்துபவர். கெட்ட காலத்தில் அவர் டீக்கடைப் பக்கம் வந்தாலே பேச்சு நின்றுபோகும். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் திருப்பூரில், பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் இந்த வேலையைப் பார்க்கிறார். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். டெய்லர்கள் அவரை 'மேடம்' என்பார்கள். செக்கிங் பிரிவுப் பெண்கள் 'அக்கா' என்பார்கள். அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக்கியபோது, அந்தச் செய்தி தன் மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டேன். திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆனாலும் தொலைக்காட்சி காட்டியதுபோல மறுநாளே யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. முதலில் நின்றது அரை ஷிப்ட்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவது ஒன்றரை ஷிப்ட். குடும்பம் ஓடுவது அந்த ஒன்றரையில்தான். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்ட் வீதம் ஆறு நாள் பார்த்தால் சனிக்கிழமை கையில் 4,500 ரூபாய். அரை ஷிப்ட் நின்றால் 3,000. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் கம்பெனி ஒருவரையும் நீக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் எந்தப் பெயரும் அடிக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மகளிர் குழுத் தவணை கட்ட வேண்டியவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

அந்த வாரங்களில் அவரிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "வேலை இருக்குதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க மேடம்."

அவருக்கே தெரியாது. ஆர்டர் வைத்த பையர் பதில் போடவில்லை. தள்ளுபடி கேட்கிறாரா, சரக்கையே வேண்டாம் என்கிறாரா என்று முதலாளிக்கும் தெரியாது. இந்த இடத்தில் ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன ஒரு சொல் உண்டு: "பார்க்கலாம், ஒண்ணும் ஆகாது." கேட்பவரை அன்றைக்குத் தூங்க வைக்கும் சொல்தான். ஆனால் அதை நம்பி ஒருவர் தீபாவளிக்கு நகைச்சீட்டில் இன்னொரு பெயர் சேர்த்துவிடுவார். பையனை மாதத் தவணையில் டியூஷன் சேர்த்துவிடுவார். பொய்யான ஆறுதலுக்கான வட்டியை, சொன்னவர் கட்டுவதில்லை.

அவர் வேறொன்று செய்தார். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் பஞ்சிங் இயந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையில் இரண்டே வரி எழுதிப் போட்டார். அடுத்த வாரம் எந்த லைனுக்கு எத்தனை நாள் வேலை கையில் இருக்கிறது என்பது முதல் வரி. அதற்கடுத்த வாரம் பற்றி இன்னும் தெரியவில்லை என்பது இரண்டாவது. முதலாளி தயங்கினாராம். ஆட்கள் பயந்து வேறு கம்பெனிக்குப் போய்விட மாட்டார்களா? சிலர் போனார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள். நாலு நாள்தான் வேலை என்று சனிக்கிழமையே தெரிந்தால், மிச்ச இரண்டு நாளுக்கு உள்ளூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குப் போய் உட்காரலாம். திங்கள்கிழமை கேட் வரை வந்து திரும்பினால் அந்தக் கூலியும் இல்லை, பஸ் காசும் போச்சு. எந்த வாரமும் பலகையில் பொய் இல்லை என்று தெரிந்த பிறகு வதந்தியும் குறைந்தது என்றார் அவர்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போகிறவர்களிடம், "போயிட்டு வாங்க, கூப்பிடறோம்" என்று சொல்லிவிட்டு அப்புறம் கூப்பிடாமலே இருந்துவிடுவது சுலபமான ஆட்குறைப்பு. கடிதம் இல்லை, கணக்கு இல்லை, கண்ணீரைப் பார்க்க வேண்டியதும் இல்லை. 2020 ஊரடங்கில் இவர்கள் பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வர டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை. வேண்டாம் என்பதுகூட ஒரு பதில்தான்.

வாசகர்களே, ஆட்குறைப்புக் காலத்தில் ஹெச்.ஆர். மேசையில் அதிக நேரத்தைத் தின்பது எது தெரியுமா? இனிஷியல். ஆதாரில் 'செல்வி முருகேசன்' என்று இருக்கும். பி.எஃப். பதிவில் 'மு. செல்வி'. வங்கிக் கணக்கில் வெறும் 'செல்வி'. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் கணவர் பெயரின் முதலெழுத்து ஏறியிருக்கும். ஆள் ஒன்றுதான், கணினிக்கு நாலு பேர். வேலையில் இருக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. வேலை போய், பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்த பிறகுதான் மனு திரும்பி வரும். வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவேற்றாமல் விட்டிருந்தால் அது வேறொரு இழுபறி. இருநூறு பேர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக, பிறந்த தேதியாக, தகப்பன் பெயராக ஒத்துப்பார்த்துத் திருத்திக் கொடுக்கும் வேலைக்கு யாரும் கைதட்டப்போவதில்லை. ஆனால் வேலை போன மாதத்தில் ஒரு வீட்டில் வாடகை கொடுக்க முடிந்ததா இல்லையா என்பதை அந்த வேலைதான் முடிவு செய்கிறது.

இதில் கசப்பான ஒரு தாளும் உண்டு. அச்சடித்து வைத்த ராஜினாமாக் கடிதம். "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரி அதில் முன்பே இருக்கும். பெயரும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. "பிரச்சினை வேண்டாம், எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, நல்ல சர்ட்டிஃபிகேட் தர்றோம்" என்பார்கள். அந்தக் கையெழுத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிலாளி ஒருவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. இதை 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. எட்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு 120 நாள் சம்பளம். ராஜினாமா என்று கையெழுத்துப் போட்டால் இந்த 120 நாளும் இல்லை, அந்த முன்னறிவிப்பு மாதமும் இல்லை. அந்தத் தாளைப் பெரும்பாலும் மிரட்டி நீட்டுவதில்லை. சிரித்த முகத்தோடு, டீ வாங்கிக் கொடுத்து நீட்டுவார்கள். அதனால்தான் கருணையைக் குரலில் தேடாதீர்கள், கணக்கில் தேடுங்கள் என்கிறேன்.

கிராஜுவிட்டி வேறு கணக்கு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அது ராஜினாமா செய்தாலும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,500. எட்டு ஆண்டுக்கு 60,000. இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் போட்டு, நிறுத்தப்படுகிறவர் கையில் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். கொடுப்பவர்கள் குறைவு.

இ.எஸ்.ஐ. அட்டையையும் வேலையோடு சேர்த்துத் தலைமுழுகிவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போன மறுநாளே அது செத்த அட்டை ஆகிவிடாது. வேலை இழந்தவர்களுக்கென்றே அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற உதவியை இ.எஸ்.ஐ. 2018 இல் கொண்டுவந்தது. சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று தொடங்கியதைக் கரோனா காலத்தில் 50 சதவீதமாக்கி, 90 நாள் வரை என்றார்கள். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதாலோ என்னவோ, உரியவர்கள் பலரின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை. தனக்கு இன்று எது பொருந்தும் என்று கேட்டுப்பார்க்க, அப்படி ஒன்று இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஹெச்.ஆர். எப்போதும் முதலாளியின் ஆள்தானே என்று நீங்கள் கேட்கலாம். சம்பளம் தருவது அவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வேலைக்கு இன்னொரு வேரும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து இந்த வேலைக்குப் பலர் போனார்கள். ஆலைக்குள் தொழிலாளியின் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். ஆகையால், இருநூறு பேரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லும்போது, "அரை ஷிப்டை எல்லோருக்கும் நிறுத்தினால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்று பார்த்தீர்களா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. வேலையே அதுதான். கேட்டாலும் நடக்காமல் போகலாம். பட்டியலின் கடைசிப் பெயராகக் கேட்டவர் பெயரே இருக்கவும் கூடும். திருப்பூர்க்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் பேரை டைப் பண்றதும் நான்தானுங்க."

கழுத்தில் அட்டை மாட்டிய உலகத்திலும் கதை இதுதான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது சென்னை சோழிங்கநல்லூர் வீடுகளில் எழுந்த கேள்வி, திருப்பூர் அனுப்பர்பாளையத்துக் கேள்வியிலிருந்து வேறானதல்ல. வீட்டுக்கடன் தவணை பெரிது. குழுக்கடன் தவணை சிறிது. எப்போது, எவ்வளவு, எதை வைத்து என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

தொழில் நடத்தும் வாசகர்களுக்கு ஒரு சொல். கெட்ட காலம் போகும். நீங்கள் கணக்கு முடித்த விதம் ஊருக்குள் நிற்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், 2020 ஊரடங்கையும் கண்ட ஊர் திருப்பூர். ஊரடங்கு தளர்ந்ததும் ஆள் கிடைக்காமல், வெளிமாநிலங்களுக்கு வண்டி அனுப்பிக் கூட்டிவந்த கதையும் உங்களுக்குத் தெரியும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், ஆட்குறைப்புச் செய்யப்பட்டவர்களுக்கே முதல் வாய்ப்பு என்று சட்டம் சொல்கிறது. ஃப்ளாட்லாக் தையல் இயந்திரம் ஓட்டத் தெரிந்த நல்ல டெய்லர் எந்த கேட்டுக்கு முதலில் வருவார் என்பதைச் சட்டத்துக்கு முன்பே அவரது கடைசிச் சனிக்கிழமை முடிவு செய்துவிடும்.

வேலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழைப் படித்து முடித்ததும், வேலை நன்றாக இருக்கும்போதே, நாலு காரியம் பாருங்கள். ஆதார், பி.எஃப்., வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கின்றனவா? பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா? வாரிசுதாரர் பெயர் பதிந்திருக்கிறதா? சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா? எழுதப் படிக்கத் தடுமாறும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹெச்.ஆர். நாற்காலியில் இருக்கும் வாசகர்களே, நீங்கள் எழுதுவதில்லை என்று தொடக்கத்தில் குறைப்பட்டேன். எழுதுங்கள், பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். அடுத்த இதழில் உங்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். கெட்ட செய்தியை எப்படிச் சொன்னீர்கள், யாருக்காக மேலிடத்தில் வாதாடினீர்கள், எந்தக் கணக்கைப் போராடி வாங்கிக் கொடுத்தீர்கள் என்று எழுதினால், அதைப் படித்து வேறொரு ஊரில் ஒருவர் அதேபோலச் செய்வார்.

அன்புடன்,
ஆசிரியர்